படிவத்தில் பிறந்த அண்ணன்

பித்தப்பைக் கல்லை எடுப்பதற்கு முன்னால் ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். மனைவியும் கூட வந்தாள். தாதி என் கையில் பிரஷர் பட்டியைக் கட்டிக்கொண்டே கொம்பியூட்டரைப் பார்த்தாள். நெருங்கிய உறவு இன்னும் உங்கள் அண்ணன்தானே என்று கேட்டு ஒரு பெயரை வாசித்தாள். பிறகு ஒரு சிறு புத்தகத்தைத் தந்தாள். நீங்கள் பேச முடியாத நிலைக்குப் போனால் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று இப்போதே வீட்டில் கதைத்து எழுதி வையுங்கள் என்றாள்.

கல்லை எடுக்க வந்தவனிடம் உயிரைப் பற்றி ஏன் கதைக்கிறார்கள்? மெஷின் கீச்சிட்டது. பிரஷரை இன்னொருமுறை பார்ப்போம் என்றாள் தாதி.

பஸ் தரிப்பில் மனைவி தொடங்கினாள்.

"நாலு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆம்பிளைப் பிள்ளை எண்டுதானே உங்களை எனக்குக் கலியாணம் பேசினவை. இந்த அண்ணை எப்ப பிறந்தவர்?"

அவன் பிறந்தது ஒரு ஆஸ்பத்திரிப் படிவத்தில். முப்பது வருடங்களுக்கு முன் லண்டனில், டூட்டிங்கில் ஒரு மேல்மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர், மெத்தைகள் மூன்று. ஷிப்ட் முடிந்து ஒருவன் வந்தால் இன்னொருவன் எழும்பிப் போவான். மெத்தையின் சூடு ஆறுவதே இல்லை. நல்ல கோட் ஒன்றுதான் இருந்தது. எனக்குக் குடல்வால் வெடித்த அன்று, அதை எனக்குப் போட்டுவிட்டு, தான் மெல்லிய சட்டையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியவன் அந்த அறைக்காரன் அவன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். சொந்தக்காரன் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில் அண்ணன் என்று எழுதிவிட்டான். தினமும் டின்மீன் குழம்பும் சோறும் கொண்டு வருவான். மூடியைத் திறந்ததும் தாதி ஜன்னலைத் திறப்பாள். அந்த வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் பசிக்கும்.

வீட்டுக்கு வந்ததும், இப்போது நோர்பரியில் இருக்கும் அவனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"டேய், ஆஸ்பத்திரிக்காரருக்கு இன்னும் நீதான்ரா எனக்குச் சொந்தம்."

"அப்ப நான் சொன்னா மெஷினைக் கழட்டுவாங்களோ? உன்ர கலியாணத்தில எனக்கு வடை கிடைக்கேல்லை, தெரியுமெல்லே. பாத்து நட."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"படிவத்தில அவரையே வச்சிருங்கோ," என்றாள்.

"கோவமோ?"

"இல்லையப்பா. என்னைக் கேட்டா நான் ஒருநாளும் விடச் சொல்லமாட்டன். குழாய் பூட்டியெண்டாலும் வச்சிருக்கச் சொல்லுவன். உங்களுக்கு அது விருப்பமோ எண்டு எனக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் உங்களுக்குப் பகிடி."

உன்னை எனக்கு அடையாளம் தெரியாமல் போய், இனித் திரும்பி வரமாட்டார் என்று டாக்டரும் சொன்னால், குழாயில் வைத்திருக்க வேண்டாம், நோகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். கல்யாணம் கட்டியதிலிருந்து பகிடி கலக்காமல் நான் அவளிடம் சொன்ன ஆக நீளமான வசனம் அதுதான்.

அவள் நான் சொன்னதைப் புத்தகத்தில் எழுதினாள். யாரைக் கேட்பது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு, இன்னும் வைக்காத போனைக் கிட்ட இழுத்தாள்.

"அண்ணை, கேட்டா நான் சொல்லுறன். ஆனா தனிய நிண்டு சொல்ல ஏலாது. அண்டைக்கு நீங்கள் எனக்குப் பக்கத்தில நிக்க வேணும்."

"ஓம் தங்கச்சி. நிப்பன்."

அதன்பிறகு, கல் எடுக்கும் நாளில் யார் எத்தனை மணிக்கு வருவது என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலில் தண்ணீர் வைத்தேன்.