பரணில் கிடந்த இரும்பு வளையம்

அத்தா சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தபோது, வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டு மாடி எடுப்பது என்று முடிவானது. அங்கேயும் அவருக்குக் கட்டட வேலைதான். ஊருக்கு வந்தும் செங்கல்லையும் சிமெண்டையும் பார்க்க நேர்ந்ததில் மனிதர் சலித்துப்போயிருந்தார். கொத்தனார்களுக்கு டீ போட்டே அம்மாவுக்குக் கை ஓய்ந்துபோனது. வீட்டில் அலுக்காதவள் நான் ஒருத்திதான். எனக்குப் பள்ளிக்கூட லீவு.

பரணை ஒழித்தபோது ஒரு சாக்கு நிறையத் துருப்பிடித்த இரும்பு இறங்கியது. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து அதை முற்றத்தில் கொட்டினார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி, வண்டிச் சக்கரத்தின் கடையாணி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தன. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கீல் வைத்த இரண்டு அரைவட்டங்கள், சேர்த்தால் வளையம். அதிலிருந்து தொங்கும் கனத்த சங்கிலி. வளையத்தின் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இரும்புக்காரர் குதிரைக்குப் போடுவது என்றார். காரைக்குடியில் இந்த மாதிரிப் பழம்பொருளைத் தேடி வாங்குகிற ஆள் உண்டு என்றும் சொன்னார். கொத்தனாரோ யானைக்குட்டி வரைக்கும் போய்விட்டார்.

"கன்னுக்குட்டிக்குப் போடறது. எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அத்தா முகம் கழுவப் போனார்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அதைத் தண்டை மாதிரிக் காலில் போட்டுப் பார்த்தேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. கழன்றுவிடும் போலத்தான் இருந்தது, ஆனால் குதிகாலைத் தாண்டவில்லை. அம்மா சோப்புப் போட்டு இழுத்ததில் தோல் உரிந்தது. நான் அலற ஆரம்பித்தேன். கொத்தனார் இரும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்ததும் அலறல் இன்னும் கூடியது. ஈர முகத்தோடு வந்து நின்ற அத்தா என்னிடம் வரவில்லை. சமையற்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்துதான் பெரியம்மா வந்தார். அத்தாவின் அண்ணன் மனைவி. நான் பிறப்பதற்கு முன்பே பெரியத்தா மவுத்தாகிவிட, எங்களோடே இருந்துவிட்டவர். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முக்காட்டுக்குள் கைவிட்டுக் கொண்டை ஊசி ஒன்றை உருவினார். வளையத்தை அவர் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். வளையத்தின் பின்பக்கம் எங்கேயோ ஊசியை நுழைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

"அசையாம இருங்க. ஆயிருச்சு, இதோ ஆயிருச்சு."

வளையம் திறந்துகொண்டது. உரிந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

இரும்புக்காரர் விடவில்லை. "இது என்னாதும்மா? உங்களுக்குத் தெரியும் போலிருக்கே."

பெரியம்மா அத்தாவை ஒருமுறை பார்த்தார். "கன்னுக்குட்டிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்ததைப் பார்க்க உள்ளே போனார். இரும்புக்காரர் தராசை எடுத்தபோது, எடையெல்லாம் வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள் என்று அத்தா அனுப்பிவிட்டார்.

பெரியத்தாவைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். புத்தி பேதலித்துப்போய், கண் அசந்தால் குடமுருட்டி ஆற்றில் இறங்கிவிடுவாராம். அதனால் பின்கட்டுத் தூணில் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வளையத்தைச் செய்துகொண்டு வந்தது அத்தா. தினமும் குளிக்கவைக்க அவிழ்த்துவிட்டு, திரும்பவும் பூட்டியது பெரியம்மா.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? என்னை எப்போதும் 'வாடி', 'போடி' என்றே கூப்பிடும் பெரியம்மா, பெரிய மனுஷியிடம் சொல்கிற மாதிரி 'இருங்க' என்று மரியாதையாகச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாள் ஓதப் போன இடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் அதைப் பெருமையடித்துக்கொண்டேன். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே 'வாடி' திரும்பிவிட்டதில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.