சிவப்புப் பூ வந்த பிறகும் போனேன்

அக்கா தங்கைகளே, என் பெயர் சின்னப்பொண்ணு. ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்து, ஊதுபத்தி உருட்டுகிறவள். நம் மாரியம்மன் எனக்குச் செய்ததை இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

தொண்ணூற்றாறில் என் கூட்டாளி ராசாத்தி செத்துப்போனாள். கர்ப்பப்பை வாயில் புற்று. ரத்தம் பட ஆரம்பித்தபோதே கோயிலில் பூக் கேட்டாள். நானும் கூட நின்றேன். உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார் பூசாரி. வெள்ளை வந்தால் நல்லது. அவளுக்கு வெள்ளை வந்தது. ஒன்றுமில்லை என்று இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். கடைசியில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் கைமீறிவிட்டது.

மறு வருஷம் ஆடியில், ஆட்டோவில் மைக் கட்டிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்யாணமான பெண்கள் வந்து கர்ப்பப்பையைச் சோதித்துக்கொள்ளலாமாம், இலவசமாம். எங்கள் வீட்டு வரிசையில் ஒருத்தியும் அசையவில்லை. ஆண் டாக்டராக இருந்தால்? பார்த்தவர்கள் என்ன பேசுவார்கள்? நன்றாக இருக்கிறவள் எதற்குப் போய்ப் படுக்க வேண்டும்? எனக்கும் ஒரு நோவும் இல்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது. கடைசியில், சின்னப்பொண்ணு பூக் கேட்கட்டும், வெள்ளை வந்தால் எல்லோரும் போகலாம் என்று முடிவாயிற்று.

எனக்குச் சிவப்பு வந்தது.

“ஆத்தாளே வேண்டாங்கறா, அப்பறம் என்ன ரோசனை?” என்றார் மாமியார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்!

அன்று மத்தியானம் கொட்டகையில் ராசாத்தியின் மகள், அவள் அம்மாவின் பலகையிலேயே உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை வாங்கியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சிவப்பு வாங்கிய நான் மட்டும் எந்தப் பூவை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்?

விளக்கு வைக்கிற நேரத்தில் கோயிலுக்குப் போனேன். தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: “ஆத்தா, போகட்டுமான்னு இனி உன்னையக் கேக்க மாட்டேன். நான் போறேன். பயமா இருக்குது. நீயுங் கூட வா.”

என் வேண்டுதல் அவ்வளவுதான். ஆனால் எழுந்தபோது கால் நடுங்கவில்லை.

“செவப்பு வந்துருக்குதல்ல, புள்ள?” என்றார் வீட்டுக்காரர்.

“வந்துருக்குதுங்க. இருந்தாலும் போறனுங்க.”

முகாமில் இருந்தது பெண் டாக்டர். “ஹெதரபேடம்மா, ஹெதரபேட,” பயப்படாதே என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே சோதித்தார். பயந்த அளவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

சில வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். கர்ப்பப்பை வாயில், புற்றாக மாறக்கூடிய கோளாறு. இப்போதே கண்டதால் அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றார்கள். எடுத்தார்கள். இதோ, உங்கள் முன்னால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்!

அப்புறம் ஏன் ஆத்தா சிவப்பு கொடுத்தாள் என்று பலரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தவளை எழுப்பி நடத்திக் கூட்டிப்போனது அவள்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த முகாமுக்கு எங்கள் வரிசையே கிளம்பியது. ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் என் மாமியார்.

மகளுக்கு வரன் பார்க்கப் பூக் கேளுங்கள். வீடு கட்டக் கேளுங்கள். இதற்கு மட்டும் கேட்காதீர்கள், அம்மணிகளா. கூட வா என்று அவளைக் கூப்பிடுங்கள். கட்டாயம் வருவாள்.

வருகிற புதன்கிழமை மறுபடியும் முகாம். ராசாத்தியின் மகள் கைக்குழந்தையோடு என் கூட வருகிறாள். பூக் கேட்கவில்லை.