சோற்றில் விழுந்த சாஸ்

ரத்தினம் அத்தானுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அவர் காய்ச்சுகிற சாஸை யாரும் துவையல் என்றோ குழம்பு என்றோ சொல்லிவிடக் கூடாது. "சாஸுன்னா சாஸுதாம்லே" என்று வரிந்துகட்டிக்கொண்டு வருவார். மற்றபடி தங்கமான மனுஷன். என் அக்கா முத்துவடிவின் வாய்க்கு ஈடுகொடுத்து இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா இருந்தது. அங்கே பாத்திரம் கழுவப் போனவர்தான் அத்தான். மெல்ல மெல்ல அந்த அடுப்படியே அவர் கைக்கு வந்துவிட்டது. யுத்தம் வந்து சீமையிலிருந்து பாட்டில்கள் வருவது நின்றபோது, கம்பியில் கோத்துத் தணலில் வாட்டின கறிக்குத் தடவ சாஸ் இல்லையே என்று துரைசானி சோறு இறங்காமல் கிடந்தாளாம். அத்தான் விடுவாரா? புளி, கருப்பட்டி, தக்காளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் காய்ச்சிக் காய்ச்சி ஒரு வாரம் சாக்கடையில் கொட்டினார். எட்டாம் நாள் பிடித்துவிட்டார். இனி சீமைப் பாட்டிலே வேண்டாம் என்று துரைசானி சொல்லிவிட்டாளாம். இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நானும் நூறு தடவை வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். ஆனால் சாஸைக் கண்ணால் கண்டதில்லை.

ஐம்பத்திரண்டில் துரை பங்களாவை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அத்தான் சாரல் காலத்தில் அருவிக்கரையில் இட்லிக்கடை போட்டுக் காலத்தை ஓட்டினார். யாரையும் குறை சொல்லமாட்டார்.

ஐம்பத்தேழு ஆவணியில் அவர் மகள் குழல்வாய்மொழிக்கு இலத்தூரில் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை சுந்தரபாண்டி அருமையான பையன். வம்பெல்லாம் அவன் அம்மா சங்கரம்மாள்தான். நிச்சயத்துக்கு வந்தவள் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"துரை வீட்டுல மாட்டுக்கறி ஆக்குன கை. அந்தக் கை தொட்டதை நான் நாக்குல வைக்க மாட்டேன். மவளும் கூடமாட நின்னு ஆக்கிப் படிச்சவதான? எங்க அடுப்பங்கரைக்குள்ள அவ வரண்டாம். வெளிவேலையைப் பார்த்தாப் போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே நாலு கேட்டிருப்பேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்படிக்குள் நுழையக் கூடாத மருமகளுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை இருக்கும்? அக்கா மூன்று நாள் அழுதாள். குழல்வாய்மொழி அழவில்லை, வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றதால் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் கழிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் மறுவீட்டுக் கறி விருந்து. இருநூறு பேர். சங்கரம்மாள் சாப்பிட வேண்டுமே என்பதற்காக அக்கா தென்காசியிலிருந்து நல்லதம்பி அண்ணாச்சியைச் சமையலுக்குக் கூட்டிவந்தாள். அத்தானிடம், "நீங்க அடுப்புப் பக்கமே வரப்பிடாது, ஆமா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அத்தான் முகம் தொங்கிப்போனது. "எம் மவ விருந்துல எங் கை படாண்டாமாட்டி? சாஸ் மட்டும் வைக்கேன். கறிக்குத் தொட்டுக்க இலை ஓரத்துல ஒரே ஒரு சின்னக் கரண்டி. வேண்டாங்கவ ஒதுக்கிட்டுப் போறா."

நான் இலைக்கட்டு வாங்கத் தென்காசிக்குப் போயிருந்த அன்றைக்கு அவர் காரியத்தை முடித்துவிட்டார். ஒரு வீசை புளி, இரண்டு வீசை கருப்பட்டி, ஒரு கூடை தக்காளி. சின்ன உள்ளியும் வறுத்த மிளகாய் வற்றலும் அரைத்துவிட்டு, கடைசியில் வினிகருக்குப் பதிலாகக் காடி. வெந்தது தெறித்துக் கை முழுக்கக் கொப்புளமாம். தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு கிழித்தால் கோடு மூடக் கூடாது. அந்தப் பதம் வருகிறவரை துடுப்பைக் கீழே வைக்கமாட்டார். விருந்தன்று அதை ஒரு வாளியில் ஊற்றிக் கதவோரம் வைத்திருந்தார்.

விருந்தன்று பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. விறகு நமுத்துப் போய், நல்லதம்பி அண்ணாச்சியின் எலும்புக் குழம்பு கொதிக்கவே மாட்டேன் என்றது. பந்தியில் சோறு விழுந்துவிட்டது, வறுத்த கறியும் வைத்தாயிற்று. அடுப்படி நிலவரம் தெரியாமல் அக்கா, பந்தியில் நின்ற என்னைப் பிடித்துக் கத்தினாள்.

"ஏலே குத்தாலிங்கம்! சோத்தை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் முழிப்பாவ? குழம்பை எடுத்துட்டுப் போலே!"

கதவோரம் வாளி. உள்ளே செக்கச்செவேலென்று தளதளவென இருந்தது. எங்கள் ஊரில் பந்திக்குப் போகிற வாளியில் சிவப்பாக ஒன்று இருந்தால் அது குழம்புதான். வேறு யோசனை எனக்கு எப்படி வரும்? இலைக்கு இரண்டு பெரிய கரண்டி. சங்கரம்மாள் இலையில், சம்பந்தியம்மா என்று மூன்றாக ஊற்றினேன்.

அத்தான் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, அது சாஸுலே!"

அதற்குள் சங்கரம்மாள் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டாள். மென்றாள். இன்னொரு கவளம். அப்புறம் அவள் தலை நிமிரவே இல்லை. பந்தியில் அங்கங்கே, "குழம்பைக் கொண்டாங்க!" என்று குரல் கிளம்பியது. வாளியில் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. நூற்றைம்பது பேர் இன்னும் உட்காரவே இல்லை.

அத்தான் என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினார். நேரே அடுப்புக்குப் போய், அப்போதுதான் கொதி கண்ட எலும்புச் சாற்றில் அவ்வளவையும் கவிழ்த்தார். துரை தண்ணீர் கலக்கச் சொன்னாலும் கலக்காத மனுஷன்! ஒரு கொதி விட்டு, வாளியில் அள்ளிக்கொண்டு தாமே பந்திக்கு வந்தார்.

சங்கரம்மாள் மறுசோறு வாங்கி வைத்திருந்தாள். "இந்தக் குழம்பு யாரு வச்சது?" என்று கேட்டாள்.

நல்லதம்பி அண்ணாச்சி விவரமான ஆள். "நான்தான் தாயீ" என்று முந்திக்கொண்டார். அக்கா அத்தானைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்ல மதினி," என்றார் அத்தான். "அது நான் வச்ச குழம்பு."

சங்கரம்மாளின் கை இலையிலேயே நின்றது. பந்தியில் யாரும் சாப்பிடவில்லை. இந்த மனுஷனுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதா என்று நான் பல்லைக் கடித்தேன். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். கொப்புளங்களையும் பார்த்திருப்பாள்.

"கையைக் கழுவிட்டுத்தான வச்சிய?"

"கழுவிட்டுத்தான் மதினி."

"உங்க மவளுக்கு இது வைக்கத் தெரியுமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து குழல்வாய்மொழி சொன்னாள்:

"எனக்குத் தெரியும் அத்தை."

சங்கரம்மாள் சோற்றில் குழி பறித்தாள்.

"அப்போ நாளைக்கு நம்ம வீட்டுல நீதான் அடுப்பு மூட்டுத" என்றாள். அத்தான் வாளியோடு அப்படியே நின்றார். "என்ன அண்ணாச்சி பார்த்துக்கிட்டே நிக்கிய? ஊத்துங்க."