காலைப் பிடித்த நைச்சியக்காரர்

போன வாரம் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டிலில் என் மைத்துனன் மாதப்பா. வலது கையில் பெரிய கட்டு. கம்பெனியில் பிரஸ் மெஷின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது.

அவனை அங்கே வேலைக்கு வைத்த காண்ட்ராக்டரின் ஆள் முனிராஜ் பார்க்க வந்தார். நான் தயக்கத்தோடு நாற்காலியை நகர்த்தினேன். வேண்டாம் என்றார். கட்டிலருகே முட்டி போட்டு, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ஊட்டவே ஆரம்பித்துவிட்டார்.

"வாயத் தொற சாமி. நீ என் கூடப் பொறந்தவன் மாதிரி."

மாதப்பா வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அடுத்த வாய்க்கு முனிராஜும் தெலுங்குக்கு மாறினார். நர்ஸ் வந்தபோது கன்னடம். கடைசி இட்லியில்தான் விஷயம் வந்தது — தமிழில்.

"மெஷின்னு சொன்னா லைனையே மூடிருவாங்க தம்பி. கூட நிக்கிற பசங்க பொழப்பு என்னாவும்? வண்டியில விழுந்தேன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன். உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்."

நிஜமாகவே பிடித்தார்.

மாதப்பாவின் வாயில் இட்லி. என்ன சொல்வான்? தலையாட்டினான். மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரியிடம், "குருபரப்பள்ளிகிட்ட பைக்ல விழுந்துட்டேன் சார்" என்றான்.

அவனுக்கு பைக் ஓட்டத் தெரியாது.

என் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வண்டியில விழுந்தவனுக்குக் கம்பெனி எதுக்குடா நஷ்டஈடு தரும்?"

"பெரிய மனுசன்க்கா... கால்ல விழுந்துட்டாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"நீ கையவே குடுத்துட்டு வந்திருக்க. அவன் காலத் தொட்டதுதான் பெருசாப் போச்சா? நைச்சியமாப் பேசியே கவுத்துட்டான்."

நைச்சியம்... என்ன சொல் இது? நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். காவேரிப்பட்டினத்தில் இருக்கும் நம் பத்தியின் வாசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் போனில் கேட்டேன். வடமொழியிலிருந்து வந்ததாம். நீசம் என்றால் தாழ்ந்தது. கடவுள் முன்னால் பக்தன், 'நான் ஒன்றுமில்லாதவன்' என்று தன்னைத் தாழ்த்திக்கொள்வது நைச்சியம். பிறகுதான் அது காரியம் சாதிக்கிற பேச்சுக்குப் பெயரானது.

யோசித்துப் பார்த்தேன். முனிராஜ் மிரட்டியிருந்தால் மாதப்பா முறைத்திருப்பான். அதட்டல் நமக்குப் பழக்கம். மேலே இருக்கிற ஒருவர் குனிந்துவிட்டால்தான் பதறிப்போகிறோம், இல்லையா?

விசாரணை முடிந்துவிட்டது. பைக் விபத்து. முனிராஜின் போன் ஸ்விட்ச் ஆஃப். லைன் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. மாதப்பா இடத்தில் வேறு ஆள்.

குனிந்தவனுக்குக் கேட்டதைக் கொடுப்பது கடவுளுக்குக் கட்டுப்படியாகும். பிரஸ் ஓட்டுகிறவனுக்கு ஆகாது.