நூற்றி நாற்பதைத் தாண்டும் சந்தி

ஐம்பது வயதில் இருபத்தொரு கிலோமீற்றர் ஓடப்போகிறேன் என்றதும் டொக்டர் சிரிக்கவில்லை. "ஓடுங்கோ. ஆனா இதயத் துடிப்பு நூற்றி நாற்பதைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நாலு ஞாயிறு அப்பிடி ஓடிக் காட்டுங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்றார். அவர் கையெழுத்தில்லாமல் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது. மனைவி அன்றே துடிப்பை எண்ணும் கைமணிக்கூடு ஒன்று வாங்கித் தந்தாள். எல்லை மீறினால் மணிக்கட்டில் நடுங்கும்.

நூற்றி நாற்பதுக்குள் ஓடுவதற்குப் பெயர் ஓட்டமில்லை, உருட்டல். வெள்ளவத்தைக் கடலோரத்தில் கைப்பையோடு நடக்க வரும் அன்ரி ஒருவர் என்னை முந்திப் போனார். "தம்பி, காலில நோவோ?" என்று அக்கறையாக வேறு கேட்டார். மானம் கப்பலேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டேன்.

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு சந்தியில்தான் காரியம் கெட்டது. மேடில்லை, திருப்பமில்லை. ஆனால் அங்கே வந்தால் நூற்றி முப்பது நூற்றி ஐம்பதாகும். கொஞ்சம் தள்ளிப் போனால் அடங்கிவிடும். ஓடிய மூன்று ஞாயிறும் கணக்கில் வரவில்லை. மணிக்கூட்டைத் திட்டினேன். தேத்தண்ணீரை விட்டேன். அந்த இடத்தில் நடந்தும் பார்த்தேன், அதற்கும் ஏறியது. இதயத்தில் ஏதோ கோளாறென்று நன்றாகவே பயந்துபோனேன்.

காலைச் சாப்பாட்டின்போது மனைவி என் போனை எடுத்தாள். ஓடிய பாதையில் துடிப்பு ஏறிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் வரைபடம். அந்தச் சிவப்பில் விரலை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இதிலதானே செக்பொயின்ற் இருந்தது?"

என் கை தானாக இடுப்புக்குப் போனது. ஓடுகிற காற்சட்டைக்குப் பொக்கற் இல்லை.

"ஓடேக்க ஐசி கொண்டுபோறேல்லையே நீங்கள்?" என்றாள்.

சண்டைக் காலத்தில், இளவயதில் ஒருநாள் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, வீட்டில் மறந்துவிட்டுப் போய் அந்தச் சந்தியில் ஆமிக்காரர் மறித்துவைக்க, பகல் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறேன். அந்தக் காவலரண் போய் எத்தனையோ வருஷம். இப்போது அதிலே கொத்துரொட்டிக் கடை. நான் மறந்தே போனேன். நெஞ்சுக்குள் கிடக்கும் கைப்பிடியளவு தசைத்துண்டு மறக்கவில்லை. என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் இத்தனை காலமும் அது அங்கேயே நின்றிருக்கிறது. பயம் போய், அதைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு மனைவி என் ஐசியைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்சட்டையின் உள்பக்கம் ஊசியால் குத்திவிட்டாள். "கேட்டால் காட்டுங்கோ" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை.

சந்தி வந்தது. மணிக்கூட்டைப் பார்க்கவே மனம் வரவில்லை. பார்த்தேன். நூற்றி முப்பத்தொன்று.

நெஞ்சில் கையை வைத்து, "ஐசி இருக்கு, பயப்பிடாதை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த அந்த அன்ரி சட்டென்று நின்று, தன் கைப்பையைத் திறந்து பார்த்தார்.