இரண்டு லிஸ்ட்டும் என் கையெழுத்து

மேல் மாடிக்காரர் பையன் போன ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பெட்டியோடு வந்தான். காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு அவனைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்களாம். "சூப்பர்டா தம்பி" என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு ஒரு மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் சுருக்கென்றது. ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை வியாதி, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்து எனக்கு என்ன பொறாமை, சொல்லுங்கள்! கையில் கட்டுகிற கேப்டன் பட்டையை வேறு காட்டினான். சிவப்புத் துணி, ஒட்டிப் பிரிக்கிற வசதியெல்லாம் வைத்துத் தைத்தது.

துபாயில் நான் கம்பெனி டீமுக்கு ஆடியபோது எங்கள் பட்டை, அட்டைப்பெட்டி ஒட்டுகிற மஞ்சள் டேப். ஜெபல் அலியில் எங்கள் கம்பெனிக் கிடங்கில் அது ரோல் ரோலாகக் கிடக்கும். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு மேட்சுக்கு முன்னால் இடது கையில் இரண்டு சுற்று சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தால் நான் கேப்டன். கழற்றும்போது ரோமமும் கூடவே வரும். இப்போதும் கூரியர் பார்சல் பிரிக்கும்போது அந்தப் பசை வாசனை வந்தால் உள்ளங்காலில் மணல் சுடுகிறது. புல்லெல்லாம் ஏது? நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் பின்னால் ஒரு பொட்டல், இரண்டு பக்கமும் பைப்பை நட்டு வைத்த கோல் போஸ்ட், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தான், யாருக்கு வெள்ளிக்கிழமை டூட்டி என்றெல்லாம் எழுதுகிற வேலை. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் மெஸ் சுவரில் இரண்டு தாள் ஒட்டுவேன். ஒன்று மறுநாள் டூட்டி லிஸ்ட். இன்னொன்று மறுநாள் ஆடப்போகிற பதினொரு பேர். இரண்டும் என் கையெழுத்து. சோற்றுத் தட்டோடு நின்று ஆட்கள் தங்கள் பெயரைத் தேடுவதைப் பார்ப்பதில் எனக்குத் தனி சுகம். அற்பம்தான், ஆனால் அங்கே எனக்கு வேறென்ன இருந்தது?

கேப்டனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. லீவில் ஊருக்குப் போனால் ஒரு நல்ல ஆட்டக்காரனைப் பார்த்து வைத்துவிட்டு வரவேண்டும். ஹெல்பர் விசாவில் அவனை எடுப்பார்கள். எல்லாக் கம்பெனி டீமிலும் அதுதான் வழக்கம். எங்கள் மானேஜர் மலையாளி, பந்துப் பைத்தியம். "லீவுக்குப் போறியா, போ. ஆளைக் கொண்டு வராதவன் எந்து கேப்டன்?" என்றார்.

அப்படித்தான் மன்னார்குடிப் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்தில் கலியமூர்த்தியைக் கண்டுபிடித்தேன். பி.காம். கடைசி வருடம், டீம் கேப்டன். அன்றைக்குத் தோற்றுவிட்டார்கள். ஆனால் இவன் ஒவ்வொருவனிடமும் போய்த் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பிடித்தால் இவனைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான்!

வந்த மூன்றாவது மாதமே டீம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கா ஆட்டக்காரன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் மேட்ச் முடிந்தால் என்னைச் சுற்றி உட்காருவார்கள். இப்போது தண்ணீர் பாட்டிலோடு அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நேபாளி கோல்கீப்பர் பகதூர் இரண்டு வருடமாக என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. அவன் வாயில் "கல்யா பாய், கல்யா பாய்" என்று ஒரே சங்கீதம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் கலியமூர்த்தி ஃப்ரீ கிக் கிடைத்தால் பந்தை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். "அண்ணே, நீங்க அடிக்கிறீங்களா?" அந்த மரியாதைதான் என்னை ரொம்ப எரித்தது. திமிராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அந்த வருடம் கம்பெனிகளுக்கிடையேயான போட்டியில் ஃபைனலுக்கு வந்தோம். எங்கள் முதலாளி அர்பாபே பார்க்க வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மத்தியானம் கலியமூர்த்தி என் தகரக் கேபினுக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆபீஸ்ல க்ளார்க் எடம் காலியாம். நாளைக்கு அர்பாப்கிட்ட என்னையக் காட்டிப் பேசுறேன்னு மானேஜர் சார் சொல்லிருக்காரு. பி.காம் படிச்சிட்டு இன்னும் எத்தன நாளைக்குண்ணே பொட்டி தூக்குறது?"

"நல்லா வருவடா" என்றேன். நான் ப்ளஸ் டூ. ஏழு வருடமாக அந்த ஏசி ஆபீஸ் கதவைத் திறந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, உடனே வெளியே வருகிறவன். இவன் வந்து பதினொரு மாதம்.

ஒரு மணி நேரத்தில் கிடங்கிலிருந்து போன் வந்தது. நாளைக்கு அவசரக் கண்டெய்னர், ஆறு பேர் டூட்டிக்கு வேண்டும். ஐந்து பெயர் எழுதினேன். ஆறாவதாகக் கலியமூர்த்தி என்று எழுதினேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அவன் மெஸ்ஸில் லிஸ்ட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தட்டைக் கழுவப் போனான்.

மறுநாள் பாதி ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கியிருந்தோம். பகதூர் ஓடி வந்தான். "கேப்டன், யல்லா! காடி லேகே ஜாவ், கல்யா கோ லாவ்!" சீக்கிரம் வண்டியில் போய் அவனைக் கூட்டி வா என்கிறான். கிடங்கு பத்து நிமிடம்கூட இல்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்து, "மாஃபி டைம்" என்றேன். நேரமில்லையாம்! மூன்றாவது கோல் என் கால் இடுக்கில்தான் போனது. அர்பாப் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் மானேஜர் எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கலியமூர்த்தி அட்டைத் தூசி படிந்த கவரால் உடுப்போடு வேலையிலிருந்து நேராக வந்து நின்றான். "ஃபைனல் அன்னிக்கு இவனை டூட்டிக்குப் போட்டது யாரு?" என்று மானேஜர் கத்தினார். கேப்டன் பதவி போச்சு, டைம் கீப்பர் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

"நான்தான் சார் கேட்டு வாங்குனேன். ஓவர்டைம் வேணும்னு" என்றான் கலியமூர்த்தி.

மானேஜர் அவனை அரை மணி நேரம் நார் நாராகக் கிழித்தார். உன்னையா ஆபீஸில் உட்கார வைக்கப் பார்த்தேன் என்று திட்டினார். அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறு ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவன் திட்டு வாங்கிய அரை மணி நேரமும் நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேம்ப்புக்குத் திரும்பி நடக்கும்போது, "ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"கேப்டன மாட்டிவிட்டா அப்பறம் டீம் எப்படிண்ணே நிக்கும்?" என்றான். குரலில் கோபம் இருந்தது. இருந்தும் அதைத்தான் சொன்னான்.

வெட்கப்பட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நிஜத்தைச் சொல்கிறேன், டீமைப் பற்றிய அந்த வார்த்தை கேப்டனான எனக்குத் தோன்றாமல் அவனுக்குத் தோன்றியதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கலியமூர்த்தி இன்னும் ஒரு வருடம் பெட்டி தூக்கிவிட்டு, விசா முடிந்து ஊருக்குப் போனான். அவன் கொடுத்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. கேம்ப்பை இடித்துவிட்டார்கள், பொட்டலில் கிடங்கு எழும்பிவிட்டது, மானேஜரும் காலமாகிவிட்டார். "நான்தான் சார் போட்டேன்." மூன்றே வார்த்தை. குளிக்கும்போது சில நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது நன்றாகவே வருகிறது.