சுடலையின் கையில் நான் வரைந்த தீப்பெட்டி

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அந்தத் தீயை வைத்தவன் நான். சுடலை அல்ல. நான்!

இதைச் சொல்ல என் தலை முழுவதும் நரைக்க வேண்டியிருந்தது. அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்கிறேன்... பயம்.

தீயை மட்டும் வைத்திருந்தால் ஒருவேளை என்றோ மறந்திருப்பேன். அதற்குப் பிறகு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பூமி சூடாகிறது, பருவம் தப்புகிறது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்தன. ஐப்பசி போயும் எங்கள் கண்மாய்கள் வெடித்துத்தான் கிடந்தன. எங்கள் பள்ளியின் சங்கீத டீச்சர் அதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பூமிக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, யார் போய் மருந்து கேட்பது என்று தொடங்கும். பிள்ளைகள் அதைப் பாடக் கேட்டதும் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. இந்தப் பாட்டுக்கு அசையும் படம் போட வேண்டும். நானே வரைய வேண்டும்!

ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் காதர் பாய் என் நண்பர். உள்ளூர் கேபிள் டிவியும் அவருடையதுதான். என் கிறுக்கைக் கேட்டுச் சிரித்தாரே தவிர, கேமராவைத் தர மறுக்கவில்லை. படம் வரையக் கண்ணாடித் தாள் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆஸ்பத்திரிகள் கழித்துப்போடும் எக்ஸ்ரே பிலிம்களைச் சேகரித்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தோம். எவரெவருடைய விலா எலும்போ கரைந்து போய்ப் பிலிம் தெளிந்துவிடும். அதில் போஸ்டர் கலரோடு பசை கலந்து வரைவேன். தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். அந்த வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கெடுத்தது அதுதான்.

பாட்டுக்கு ஒரு நாயகன் வேண்டும். காய்ந்த மலையில் மழையைத் தேடி ஏறிப் போகும் ஒரு மனிதன். மம்சாபுரத்தில் ஆடு மேய்க்கும் சுடலையைப் பிடித்தேன். என்னைவிட மூத்தவன், ஆனாலும் அவன் என்றுதான் எழுத வருகிறது, பாருங்கள். வலது காலைச் சற்றே வீசி நடப்பான். மீசையை முறுக்கிக் காதுவரை கொண்டுபோயிருப்பான். படம் வரையப்போகிறேன் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன இடத்திலெல்லாம் நடந்து காட்டினான். மீசையில் மட்டும் கை வைத்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

பாட்டின் கடைசிச் சரணத்தில் காடு எரிய வேண்டும். வரைந்தேன். காதர் பாய் பார்த்துவிட்டு, "என்ன சார், மலையில செம்பருத்தி பூத்திருக்கு?" என்றார்.

சுருக்கென்றது. ஊரில் என் படத்தைக் குறை சொன்னவர் அதுவரை யாரும் இருந்ததில்லை!

பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில் மொபெட்டை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். உண்மையான தீ எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். சரிவில் ஆளுயரம் வளரும் போதைப்புல் காய்ந்து நின்றது. ஒரு பிடியளவு பற்றவைத்தேன். வரைந்து முடித்ததும் செருப்பால் மிதித்து அணைத்துவிடலாம் என்று எண்ணினேன். மடியில் அட்டையை வைத்து வரையத் தொடங்கினேன்.

எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அடியில் நீலம், நுனியில் நடுக்கம்... இன்னும் ஒரு படம், இன்னும் ஒரே ஒரு படம் என்று வரைந்துகொண்டே இருந்தேன். காற்று திரும்பியதை என் தோல் உணர்ந்தது. கை நிற்கவில்லை. எழுந்து மிதிக்கப் போனபோது அது என் செருப்புக்கு அடங்குகிற தீயாக இல்லை.

ஓடிவிட்டேன். ஆம், கத்தி யாரையும் கூப்பிடக்கூட இல்லை. அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சரிவு முழுதும் எரிந்தது. அடிவாரத்து மாந்தோப்புகளில் பிஞ்சோடு மரங்கள் கருகின. ஆட்கள் சாகவில்லை என்று கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. ஊரில் உடனே ஒரு பேச்சு கிளம்பியது. மழைக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று ஆட்டுக்காரர்கள் கோடையில் காய்ந்த புல்லைக் கொளுத்துவது உண்டு. ஆகவே அவர்களில் எவனோதான் என்றார்கள். எவன் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அதோடு அந்தப் பேச்சு அடங்கியிருக்கும். ஆனால் என் மொபெட்டை அந்தப் பக்கம் பார்த்ததாக ஒருவர் போகிற போக்கில் சொன்னார். அன்று மாலை பிலிம்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரத்துணியால் சுடலையின் கம்பைத் துடைத்தேன். அந்தக் கையில் ஒரு தீப்பெட்டியை வரைந்தேன். மழையைத் தேடிப் போனவன் மலையைக் கொளுத்தப் போகிறவன் ஆனான். நடை அதேதான். மீசையும் அதேதான்!

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று காதர் பாயிடம் சொன்னேன். எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டேன். நீங்கள் நம்புவீர்களா? ஓர் இரவுகூட நான் நம்பவில்லை.

படம் கேபிளில் ஓடியது. என்னைப் பாராட்டாதவர் இல்லை. குறிப்பாகத் தீ... தத்ரூபம் என்றார்கள். பள்ளியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மம்சாபுரத்தில் பிள்ளைகள் சுடலைக்குப் பின்னால் அவனைப் போலவே காலை வீசி நடந்து, பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். தோப்புக்காரர்கள் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. கிடை இல்லாமல் ஆட்டுக்காரன் எதைக்கொண்டு பிழைப்பான்?

ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்றான்.

"சார், நீங்க வரையும்போது என் கையில கம்புதான இருந்துச்சு?"

"அது கதைக்காகப் போட்டது, சுடலை. வெறும் படந்தானே."

"எனக்குத் தெரியுது சார். ஊருக்குத் தெரியலையே. அதை மாத்தி ஒருவாட்டி டிவியில போடச் சொல்லுங்க. அம்புட்டுதான் கேக்கேன்."

பிலிம்கள் என் வீட்டு அலமாரியில் இருந்தன. ஈரத்துணியும் கொஞ்சம் கலரும் போதும். ஆனால் மாற்றினால் ஊர் ஏன் என்று கேட்கும். அப்படியானால் தீ வைத்தது யார் என்று கேட்கும். பிலிம்களை எல்லாம் கழுவிவிட்டேன் என்று அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆடுகளை விற்றான். குடும்பத்தோடு ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகள் கழித்து, இனியும் தாங்காது என்று சொல்லிவிடத் துணிந்து அவனைத் தேடிப் போனேன். மீசையை எடுத்திருந்தான். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

"சுடலை, அன்னைக்கு அந்தத் தீயி..." என்று ஆரம்பித்தேன்.

"அது முடிஞ்சு போச்சு சார்" என்றான். "மகளுக்கு மம்சாபுரத்துலயே மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. இந்தப் பேச்சு இருந்தா அவிய எப்படிக் கட்டுவாக? ஊர்க்கூட்டத்துல விழுந்து கும்புட்டு, நாந்தான் வச்சேன், தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சுட்டாக. பொறவுதான் ஒறக்கம் வந்துச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். நான்தான் என்று சொன்னால், ஊர் முன்னே அவன் சொன்னது பொய்யாகும். அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டில் மறுபடி பேச்சு எழும். அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான காரணம்!

என் குற்றத்துக்கு உரிய மன்னிப்பை அவன் விழுந்து வாங்கிவிட்டான். இனி எனக்குக் கொடுக்க அந்த ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை.

அதனால்தான் மம்சாபுரத்தை அறியாத உங்களிடம் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்... எழுதியதை இப்போது திருப்பிப் படித்துப் பார்க்கிறேன். சுடலையின் பெயரைத் தலைப்பிலிருந்து கடைசிவரை எழுதியிருக்கிறேன். என் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. இப்போதும் எழுதக் கை வரவில்லை.